பின்னத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) மாறி இருந்தால் கிடைத்த விடையை ஏன் சரிபார்க்க வேண்டும்?

அ/(அ−3) = 3/(அ−3) + 2 என்ற கணக்குக்கு உங்களுக்கு அ = 3 வருகிறது, புத்தகத்தில் "தீர்வு இல்லை" என்றிருக்கிறது. புத்தகம் சொல்வதுதான் சரி.

உங்கள் வழியில் தப்பில்லை. பின்னம் போக இருபுறமும் (அ−3) ஆல் பெருக்கினால் அ = 3 + 2(அ−3). அந்த 2-ஐயும் பெருக்கியாக வேண்டும்; பலர் கோட்டை விடுவது இங்கேதான், விட்டால் அ = 5 என்று வந்து நிற்கும். சுருக்கினால் அ = 3. சரி, அதை முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: பகுதி 0 ஆகிவிடுகிறது! அப்படியென்றால் நாம் பெருக்கியதே பூச்சியத்தால்தான். பூச்சியத்தால் பெருக்கினால் பொருந்தாததும் பொருந்திவிடும். போலி விடை நுழைந்தது அப்படித்தான்.

பகுதிகள் வேறு வேறாக இருந்தால் அவற்றின் மீச்சிறு பொது மடங்கால் பெருக்குங்கள். பகுதியைப் பூச்சியமாக்கும் மதிப்புகளைத் தொடங்கும்போதே ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.