வேற்றுக்கிரகத்தார் இருக்கிறார்களா? நெல்லைச் சீமையின் கேள்விகளும் பதில்களும்

(பாளையங்கோட்டையில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற வான்நோக்கர் ஒருவர் பதிலளிக்கிறார்.)

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, பிரபஞ்சத்துக்கு 1380 கோடி வயது என்கிறார்களே, அதற்கு ஜாதகம் எழுதியது யார்?

விண்மீன் மண்டலங்கள் நம்மை விட்டு விலகிக்கொண்டே போகின்றன தம்பி. தொலைவு கூடக் கூட வேகமும் கூடுகிறது. அந்த விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒரு தொடக்கம் கிடைக்கும். இன்னொரு சாட்சியும் உண்டு. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவரின் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சல். உள்ளே கிடந்த புறா எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சத்தின் ஆதி வெப்பத்தில் மிஞ்சியது அது என்று 1965இல் தெரிந்தது. அதை பிளாங்க் விண்கலம் நுட்பமாக அளந்ததில்தான் 1380 கோடி உறுதிப்பட்டது.

தென்காசி: அதைவிட வயதான விண்மீன் ஒன்று இருக்கிறதாமே?

2013இல் அதன் வயதை 1446 கோடி என்று கணித்தார்கள். கூடவே 80 கோடி முன்பின் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். அதாவது பிரபஞ்சத்தைவிட இளையதாகவும் இருக்கலாம். தலைப்புச் செய்தி போடுகிறவர்கள் அந்த இரண்டாவது வரியைப் படிப்பதில்லை.

வள்ளியூர் மாணவி: ஐயா, இவ்வளவு பெரிய வானத்தில் நாம் மட்டும்தானா?

1961இல் பிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். விண்மீன்கள் எத்தனை, கோள்கள் எத்தனை, உயிர் தோன்றியவை எத்தனை என்று பெருக்கிக்கொண்டே போகும் கணக்கு. முன்பகுதி இன்று ஓரளவு தெளிந்துவிட்டது. நமது பால்வெளியில் மட்டும் குறைந்தது 10,000 கோடி விண்மீன்கள். சூரியனுக்கு வெளியே 6000க்கு மேற்பட்ட கோள்கள் உறுதியாகியுள்ளன.

என்னை உறுத்துவது அந்தச் சமன்பாட்டின் கடைசி உறுப்பு: ஒரு நாகரிகம் எத்தனை காலம் சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருக்கும்? பூமிக்கு 454 கோடி வயது. சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குச் சுமார் 3200 வயது. அதை விளைவித்தவர்களும் நம்மைப் போல அறிவுள்ளவர்கள்தான். ஆனால் வெளியிலிருந்து காது கொடுத்தவனுக்கு அன்றைய பூமி ஊமை. நாம் வானொலி பேசத் தொடங்கி நூற்றுச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன. போன ஆடிச் சாரலில் குற்றாலத்தில் குளித்தவரும் அடுத்த நூற்றாண்டில் குளிக்கப் போகிறவரும் சந்தித்துக்கொள்வார்களா? நாகரிகங்கள் பல இருந்திருக்கலாம் அம்மா, ஒரே காலத்தில் இருக்க வேண்டுமே. நுண்ணுயிர் எங்கோ உண்டு என்று பந்தயம் கட்டுவேன். பேச்சுத் துணை பக்கத்தில் உண்டு என்று கட்டமாட்டேன்.

திசையன்விளை: மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதிக்கிறோமே, நாமே போய்ப் பார்த்துவிட்டால் என்ன?

நிலாவுக்குப் போகலாம், சந்திரயான் 3க்கான கிரையோஜெனிக் என்ஜினை அங்கேதான் சோதித்தார்கள். விண்மீன் வேறு கதை. நொடிக்கு 17 கிலோமீட்டர் ஓடும் வாயேஜர் 1இன் வேகத்தில், பக்கத்து விண்மீனின் தொலைவைக் கடக்கவே ஏறத்தாழ 75,000 ஆண்டுகள்.

கடையம்: 1977இல் ஓஹியோவில் வானொலித் தொலைநோக்கியில் பதிவான ‘வாவ்’ சமிக்ஞை வேற்றுக்கிரகத்தார் அனுப்பியதுதானா?

72 நொடி கேட்டது, மறுபடி கேட்கவே இல்லை. அதை வைத்து நான் எதையும் கட்டமாட்டேன்.

கல்லிடைக்குறிச்சி: தம்பி, எங்கள் மாடியிலிருந்து வரிசையாக விளக்குகள் பறப்பதை என் பேரன் பார்த்தான். பறக்கும் தட்டா?

இல்லை அக்கா, அநேகமாக இணைய வசதி தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய சில நாட்களுக்கு அப்படித்தான் சரமாகப் போகும். அடுத்த முறை எத்தனை மணி, எந்தத் திசை என்று பேரனைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். ஏவிய தேதியோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம்.