பேச்சின் நடுவே 10 நொடி

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென நின்று வெறித்துப் பார்க்கிறாள். பிய்த்த தோசைத் துண்டு கையில் அப்படியே இருக்கும். 10 நொடி கழித்து ஒன்றும் நடவாததுபோல் சாப்பிடுகிறாள். இ.இ.ஜி. (மூளையின் மின் அலைப் பதிவு) எடுத்து, ‘ஆப்சென்ஸ் வலிப்பு’ என்றார்கள். அப்போது அவள் மூளை நின்றுவிடுகிறதா? நாங்கள் கூப்பிடுவது கேட்குமா?

பதில்: மூளை நிற்பதில்லை, அளவுக்கு மீறி ஒரே தாளத்தில் இயங்குகிறது என்பதே சரி. விழித்திருக்கும்போது மூளையின் ஒவ்வொரு பகுதியும் தன் வேலைக்கேற்பத் தனித்தனியே துடிக்கும். இவ்வலிப்பின்போதோ, மூளையின் நடுவிலுள்ள தாலமசும் மேலுறையான புறணியும் ஒன்றையொன்று தூண்டும் சுழலில் சிக்கி, இரு பக்கமும் சேர்ந்தாற்போல் நொடிக்குச் சுமார் 3 முறை துடிக்கின்றன. இ.இ.ஜி.யில் கூர்முனையும் அலையும் மாறி மாறி வரும் இந்தக் கோலத்தை பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகியோர் 1935-இல் விவரித்தனர். பரிசோதனையில் 3 நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வதும் இதை வரவழைக்கத்தான்.

ஒலி அவள் காதுக்குப் போகிறது. ஆனால் அதைக் கவனித்து, பொருள் உணர்ந்து, பதில் சொல்லும் அளவுக்குப் புறணியின் பகுதிகள் தமக்குள் பேசிக்கொள்ள முடிவதில்லை. சுயநினைவு மங்குவதும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இராது. விரலால் தட்டிக்கொண்டே இருப்பது போன்ற எளிய செயலை வலிப்பின்போதும் விடாமல் செய்யும் குழந்தை, குறிப்பிட்ட எழுத்து திரையில் தோன்றினால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டிய சோதனையில் தவறிவிடுவது உண்டு. ஆகவே வாய் மெல்லுகிறதே, கண் திறந்திருக்கிறதே என்று பார்த்து, வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறாள் என எண்ண வேண்டாம். பகற்கனவில் இருக்கும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இவளால் அது முடியாது. (இந்த வேறுபாடு தெரியாமல் வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.)

இதற்குத் தரும் எத்தோசக்சிமைடு என்ற மருந்து, தாலமசின் அந்தத் தாளத்துக்குத் துணைபோகும், நரம்பணுக்களுக்குள் கால்சியம் நுழையும் வாயில்களை அடக்குகிறது. வால்ப்ரோயேட் என்ற மருந்தும் இதே அளவு பலன் தரும் என்றாலும், அது கவனத்தைக் கூடுதலாகப் பாதிப்பதாக 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. மற்ற சில வலிப்புகளுக்குத் தரும் கார்பமசெபைன் இதை மோசமாக்கக்கூடும். எனவே மருந்தை நரம்பியல் மருத்துவரே முடிவு செய்யட்டும். நீங்களாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

வலிப்பு கட்டுக்குள் வரும்வரை நீச்சலுக்கோ கிணற்றடிக்கோ தனியே விடாதீர்கள். பள்ளியிலும் சொல்லி வையுங்கள்: டிக்டேஷனில் ஒரு வரி விடுபட்டால், ஆசிரியர் அதை அவளுக்கு மறுபடி வாசிக்கட்டும்.