நிலக்கரிச் சுரங்க ஆய்வாளர்: நியமனமும் கடமையும் (கேள்வி பதில்)

மலேசியாவில், சிலாங்கூரிலுள்ள பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1960-இல் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். சுரங்க ஆய்வாளர் பதவியைப் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஐயா, என் தந்தையார் சுரங்கத்தில் வேலை செய்தவர். முதலாளியின் ஆட்களே மேற்பார்வைக்கு இருக்கும்போது அரசாங்கம் ஏன் தனியாக ஓர் ஆய்வாளரை வைக்க வேண்டும்? (ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர், ஈஜோக்)

அவர்கள் சரிவரப் பார்த்துக்கொள்ளாததால்தான் இந்தப் பதவியே பிறந்தது, ஐயா. பிரிட்டனில் 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயது நிரம்பாத சிறுவர்களையும் நிலத்தடி வேலையிலிருந்து விலக்கியது. அதன்படி 1843-இல் நியமிக்கப்பட்ட டிரெமன்ஹியர் என்ற அதிகாரி தொழிலாளர்களின் வாழ்நிலையைப் பற்றி அறிக்கைகள் எழுதினார். சுரங்கத்தின் கூரையும் காற்றோட்டமும் அவர் ஆராய்ச்சிக்குள் வரவில்லை. வெடிவிபத்துகள் தொடர்ந்ததால், 1850-இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டு, சுரங்கத் தொழில் அறிந்த நால்வர் முதன்முதலாக ஆய்வாளர்களாயினர். நாடு முழுவதற்கும் நால்வர் என்பது எந்தக் கணக்கிலும் போதாது. இந்தியாவில் முதல் சுரங்கச் சட்டம் 1901-இல் வந்தது. 1902-இல் கல்கத்தாவில் தொடங்கிய ஆய்வு அலுவலகம் 1908-இல் தன்பாத்துக்கு மாறியது.

யாரை ஆய்வாளராக நியமிக்கலாம்? (ஆசிரியை, ரவாங்)

இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தலைமை ஆய்வாளரையும் அவருக்குக் கீழுள்ள ஆய்வாளர்களையும் மத்திய அரசு அரசிதழில் அறிவித்து நியமிக்க வழி செய்தது. சுரங்கப் பொறியியல் பட்டம், முதல் வகுப்பு மேலாளர் தகுதிச் சான்றிதழ், களத்தில் வேலை செய்த அனுபவம் ஆகியவை பார்க்கப்படுகின்றன. ஆனால் இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது அதே பிரிவிலிருந்த ஒரு தடை: இந்தியாவிலுள்ள எந்தச் சுரங்கத்திலும் நேரடியாகவோ மறைமுகமாகவோ பங்கோ ஆதாயமோ உள்ளவரை நியமிக்கக் கூடாது, நியமனம் பெற்ற பிறகு அப்படி ஒரு தொடர்பு ஏற்பட்டால் அவர் பதவியில் நீடிக்கவும் கூடாது. எவ்வளவு படித்தவராக இருந்தாலும், சுரங்க இலாபத்தில் பங்குள்ளவரால் அந்தச் சுரங்கத்தை நிறுத்தும் ஆணையில் மனமுவந்து கையெழுத்திட முடியாது.

உள்ளே இறங்கியதும் அவர் எதைப் பார்க்கிறார்? (லோரி ஓட்டுநர், பத்து ஆராங்)

இறங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை உண்டு. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் சர்தார், ஓவர்மேன் எனப்படும் சுரங்க மேற்பார்வையாளர்கள் எழுதும் பதிவேடுகளைப் புரட்டுவார். எல்லா நாளும் ஒரே கையெழுத்தில், ஒரே வாசகத்தில், "பத்திரமாக உள்ளது" என்று மட்டும் இருந்தால் அங்கேயே அவருக்குச் சந்தேகம் பிறக்க வேண்டும்.

நிலத்தடியில் முதல் கவலை கூரை. ஒரு கையைக் கூரையில் வைத்துக்கொண்டு, மறு கையிலுள்ள தடியால் தட்டுவார்கள். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். அடுக்கு விட்டுப்போன பாறை மத்தளத்தைப் போலப் பொள்ளென்று ஒலிப்பதோடு, வைத்த கைக்கு அதிர்வும் தெரியும். அடுத்தது மீத்தேன் வாயு. அது காற்றைவிட இலேசானது என்பதால் கூரையை ஒட்டித் தேங்கும். பாதுகாப்பு விளக்கின் திரியை நன்றாகத் தாழ்த்தி, விளக்கைக் கூரையை நோக்கி மெல்ல உயர்த்தும்போது, சுடரின் மேல் வெளிறிய நீலத் தொப்பி ஒன்று தென்பட்டால் அங்கே வாயு இருக்கிறது என்று பொருள். இப்போது இந்த வேலைக்கு மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால் அது வெடிக்கும். ஆகவே அதற்கு வெகு முன்னரே, 1.25 விழுக்காட்டைத் தாண்டும்போதே, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்பது இந்திய விதி.

இவை தவிர, கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களின் வரைபடத்தையும் அவர் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாவில், பழைய சுரங்கத்தில் தேங்கியிருந்த நீர் வேலை நடந்துகொண்டிருந்த பகுதிக்குள் பாய்ந்து 375 பேர் மாண்டனர். எங்கே, எவ்வளவு நீர் தேங்கியிருக்கிறது, இடையிலுள்ள சுவரின் கனம் என்ன என்று கேட்காத ஆய்வு அரைகுறை ஆய்வுதான்.

ஆபத்தைக் கண்டால் உடனே வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டா? நிறுத்தினால் தொழிலாளியின் சம்பளம் என்னாவது? (தொழிற்சங்க உறுப்பினர், கோல சிலாங்கூர்)

உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து இருப்பதாகக் கருதினால், காரணங்களைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் தடை விதிக்கலாம் என்றது இந்தியாவின் அதே 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. ஆபத்தை நீக்குவதற்குத் தேவையானவர்கள் மட்டுமே அப்போது உள்ளே இருக்கலாம். தடைக் காலத்துக்குத் தொழிலாளிக்கு முழு ஊதியம் தர வேண்டும், அல்லது அதே ஊதியத்தில் மாற்று வேலை தர வேண்டும் என்றும் அப்பிரிவு சொன்னது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், அன்றாடக் கூலியை நம்பி வாழ்பவர் ஆய்வாளரைக் கண்டாலே அஞ்சி, கண்ட குறையையும் சொல்லாமல் மறைத்துவிடுவார்.

புகார் கொடுத்தவர் யார் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்துவிடாதா, அண்ணா? (பெயர் வேண்டாம் என்றவர்)

தெரியக் கூடாது, தம்பி. தொழிலாளர் ஆய்வு பற்றிய 1947-ஆம் ஆண்டின் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆவது உடன்படிக்கை, புகார் எங்கிருந்து வந்தது என்பதையும், புகாரின் பேரில்தான் ஆய்வுக்கு வந்தோம் என்பதையும் ஆய்வாளர் வெளியிடக் கூடாது என்கிறது. மலேசியா அதை 1963-இல் ஏற்றுக்கொண்டது.

ஆய்வாளர் குறை சொல்லாமல் போய்விட்டால் உரிமையாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? (அதே உறுப்பினர்)

தீராது. ஆய்வாளர் என்றோ ஒரு நாள் வருபவர். உரிமையாளரும் மேலாளரும் ஒவ்வொரு நாளும் பொறுப்பாளிகள்.

இந்த வேலைக்கு என் மகள் போக முடியுமா? மலேசியாவில் இப்போது யார் இதைச் செய்கிறார்கள்? (பால்மரத் தோட்டத்தில் பிறந்த தாய், பத்தாங் பெர்ஜுந்தை)

தாராளமாகப் போகலாம், அம்மா. பழைய சுரங்கத் துறையும் புவியியல் ஆய்வுத் துறையும் 1999-இல் இணைந்து உருவான கனிம, புவி அறிவியல் துறைதான் இங்கே சுரங்கங்களைக் கண்காணிக்கிறது. 1994-ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம் அதற்கு அடிப்படை. சரவாக்கில் இன்னமும் நிலக்கரி எடுக்கப்படுவதால் இது ஏட்டளவில் நிற்கும் வேலை அன்று. 2014 நவம்பரில் ஸ்ரீ அமானுக்கு அருகே நிலத்தடிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உங்கள் மகள் எஸ்பிஎம் பள்ளித் தேர்வுக்குக் கணிதத்தையும் இயற்பியலையும் விடாமல் படிக்கட்டும். நிபோங் திபாலிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகப் பொறியியல் வளாகத்தில் கனிம வளப் பொறியியல் கற்பிக்கப்படுகிறது. பட்டம் பெற்ற பின் பொதுச் சேவை ஆணையத்தின் வழி விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் ஏதேனும் ஒரு குவாரியிலாவது சுரங்கத்திலாவது சில காலம் வேலை செய்துவிட்டு வருவது நல்லது. பாறையைத் தட்டிக் கேட்டுப் பழகாதவரை அனுபவமுள்ள மேலாளர்கள் எளிதில் ஏமாற்றிவிடுவார்கள்.