கரண்ட் போன ராத்திரிக்கு எந்த ரேடியோ?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் 30 வருடமாக ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவர்.

என் வீடு வைகைக் கரையோரம். அடைமழை வந்தால் கரண்ட் போய், விடிவதற்குள் போனும் செத்துவிடுகிறது. "ஒரு ரேடியோ வாங்கி வை" என்கிறார் மாமியார். மகனோ கையால் சுற்றுவது, சோலார் என்று காட்டுகிறான். எதை வாங்க? பவர் பேங்க் வைத்து ஓட்டலாமா?
*வாசகி, சோழவந்தான்*

உங்க அத்தை சொல்வதைக் கேளுங்கள் தாயி. செல் போடுகிற சாதாரண ரேடியோவே போதும். ஏஏ சைஸ் அல்கலைன் செல் இரண்டு போட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்தால் 40, 50 மணி நேரம் தாராளமாக ஓடும். டார்ச்சுக்குப் போடுகிற பெரிய கட்டை பிடிக்கிற செட் என்றால் இன்னும் பல நாள். சோலார் தகடு ஐப்பசி மேகத்துக்குக் கீழே பேருக்குத்தான் இருக்கும். கையால் சுற்றுவதைக் கடைசிக் கைகாவலாக வைக்கலாம். ஆனால் ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம்தான் பாடும், வயசானவர்களுக்குத் தோள் விட்டுப்போகும்.

பவர் பேங்க் விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிற என் தங்கைக்கு யூ.எஸ்.பி. வயரில் ஓடும் ரேடியோ ஒன்றும் பவர் பேங்க் ஒன்றும் கொடுத்திருந்தேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மழை. இரண்டு நாள் அவளுக்கு லைன் கிடைக்கவில்லை. ரேடியோவாவது கேட்டுக்கொண்டிருப்பாள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பிறகு சொன்னாள்: "அண்ணே, அது அரை நிமிஷம் பாடுது, உடனே நின்னு போகுது. கெட்டுப்போச்சுன்னு எடுத்து வச்சுட்டேன்." ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இழுக்கிற கரண்ட் ரொம்பக் குறைவு. போன் சார்ஜ் ஏறி முடிந்தது என்று நினைத்துப் பல பவர் பேங்க் தானாக அணைந்துவிடும். கொடுக்கும் முன்னால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். அந்த இரண்டு ராத்திரி அவள் இருட்டில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் இன்றைக்கே சோதித்துப் பாருங்கள். நின்று போனால், பவர் பேங்கின் இன்னொரு ஓட்டையில் சின்ன யூ.எஸ்.பி. பல்பு ஒன்றைச் செருகுங்கள். இழுவை கூடும், அணையாது. வெளிச்சமும் ஆச்சு. இன்வெர்ட்டர் பேட்டரியில் நேராக வயர் கொடுத்துவிடாதீர்கள். அது 12 வோல்ட், இரண்டு செல் ரேடியோவுக்கு வேண்டியது 3 வோல்ட், புகைந்துவிடும்.

டயலில் 103.3-இல் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வையுங்கள், மதுரை வானொலி. 100.5-இல் இன்னொன்று, கொடைக்கானல். மலை மேலிருந்து வருவதால் தூரத்துக்கும் எட்டும். கண் தெரியாத அத்தைகூட முள்ளைத் திருப்பிவிடுவார்கள். செய்தியில் நீங்கள் காது கொடுக்க வேண்டியது அணையின் அடிக்கணக்கு. வைகை அணை 71 அடி. 66-இல் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. 66 என்று கேட்டதுமே புதுச் செல் போட்டுவிடுங்கள், மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். 69 வரை காத்திருக்க வேண்டாம். போனில் கொஞ்சம் சார்ஜ் மிச்சம் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

பரணில் இருந்த ரேடியோவை எடுத்தால் உள்ளே வெள்ளைப் பொடி. தூக்கிப் போடலாமா?
*வாசகர், செல்லூர்*

போடாதீர்கள். அல்கலைன் செல் கசிந்த காரம் அது. எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிங்கைச் சுரண்டிவிடுங்கள். கையில் படாமல் செய்யுங்கள். இனிமேல் செல்லை வெளியே எடுத்து, ரப்பர் பேண்டு போட்டு ரேடியோவோடு கட்டி வையுங்கள். 2024 அக்டோபர் 25 மழையில் உங்கள் ஏரியாவில் தண்ணீர் நின்றபோது, செல் கசிந்த செட்டுகளைத் தூக்கிக்கொண்டு எத்தனை பேர் என் கடைக்கு வந்தார்கள்!

தீர்ந்த செல்லை வெயிலில் காயவைத்தால் ஏறும் என்கிறாரே எங்கள் தாத்தா?
*வாசகர், மேலூர்*

ஏறாது. சூட்டில் மிச்சமிருக்கிற மருந்து கொஞ்சம் வேகமாக வேலை செய்யும், ஒரு செய்தி கேட்கிற நேரம் வரும். அவசரத்துக்குத் தாத்தா செய்தது சரிதான். ஆனால் அப்படிக் காய்ந்த செல் சீக்கிரம் கசியும்; கேட்டு முடித்ததும் வெளியே எடுத்துவிடச் சொல்லுங்கள்.