வளரிளம் பருவ இனப்பெருக்க நலம் என்றால் என்ன? அதை ஆராய்பவர்கள் குடும்பத்தை ஏன் கவனிக்கிறார்கள்?

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த வயதில் உடலில் வரும் மாற்றங்கள், மாதவிடாய், கருத்தரிப்பு, பால்வினை நோய்த் தடுப்பு, 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை எல்லாம் சேர்ந்ததுதான் இந்த நலம்.

சரி, குடும்பம் எங்கே வருகிறது? முதல் மாதவிடாய்க்குப் பின் ஓரிரு ஆண்டுகள் சுழற்சி சீராக இல்லாமல் போவது சகஜம். மூளைக்கும் சினைப்பைக்கும் இடையிலான ஹார்மோன் தொடர்பு அப்போது முதிர்ந்துகொண்டிருக்கும். இது தெரியாத பிள்ளை பயந்துபோகும். தூக்கத்தில் விந்து வெளியேறும் பையனுக்கும் அதே பயம்தான். அவனிடம் யாரும் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். அந்த நேரத்தில் கேட்க வீட்டில் ஒருவர் இருக்கிறாரா என்பதைத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவது மாதிரி: ஓட்டுவது பிள்ளைதான், ஆனால் விழுந்தால் தூக்க ஆள் உண்டு.

அப்புறம், இதைப் பேசினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாலியல் கல்வி இளையோரை முன்கூட்டியே உறவுக்குத் தூண்டுவதில்லை என்று 2018-இல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி ஆய்வுகளின் அடிப்படையில் தெளிவாகச் சொல்கிறது.