போலீஸ் சட்டையில் இருந்த கேமரா: அந்தப் பதிவை நாம் கேட்க முடியுமா?

கேள்வி: அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலைக்குப் போகிறவர். ஒன்பது நாளைக்கு முன் விடியற்காலையில் ஒரு ஜங்ஷனில் வாகனச் சோதனைக்காக நிறுத்தினார்கள். ஹெல்மெட் போட்டிருந்தும் போடவில்லை என்று சலான் போட்டார்கள். எதிர்த்துக் கேட்டதற்குக் கெட்ட வார்த்தை பேசி நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். தள்ளியவர் சட்டையில் சிவப்பு விளக்கு மினுங்கும் கேமரா இருந்ததாம். அந்த வீடியோ எங்களுக்குக் கிடைக்குமா? அபராதத்தைக் கட்டிவிடலாமா? (தக்கலை வாசகர்)

பதில்: முதலில், அபராதத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

காரணம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167ஏ என்ற விதியைச் சேர்த்தார்கள். போலீஸ் உடலில் அணியும் கேமராவும் அதில் அமலாக்கக் கருவியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட கருவியின் பதிவை வைத்துச் சலான் போட்டால், அந்தச் சலான் முடியும்வரை பதிவைப் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது அந்த விதி. பணம் கட்டினால் சலான் முடிந்தது. பதிவை வைத்திருக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போய்விடும். உங்கள் சலான் கேமராவை வைத்துப் போட்டதா, நேரில் பார்த்துப் போட்டதா என்று சீட்டைப் பாருங்கள். எதுவானாலும், கெடு தாண்டுவதற்குள் மறுப்பைப் பதிவு செய்து நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

இனி பதிவுக்கு வருவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் (ஆர்டிஐ) 2005, மின்னணு வடிவில் இருப்பதையும் தகவல் என்றே சொல்கிறது. வீடியோவாகவே நகல் கேட்கும் உரிமை பிரிவு 2(ஜே)யில் இருக்கிறது. ஆகவே கேட்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, கேமராவின் நினைவகம் அதுவரை காத்திருக்காது. டியூட்டி முடிந்ததும் பதிவைக் கணினியில் இறக்கிவிட்டு கேமராவைக் காலி செய்வார்கள். இறக்காமல் விட்டால், பல கருவிகளில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் தந்தையும் மகனும் இறந்த வழக்கில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். காவல் நிலைய சிசிடிவி தினமும் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக விசாரிக்கப்போன மாஜிஸ்திரேட்டே எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலைய சிசிடிவி பதிவை 18 மாதம் வைத்திருக்கச் சொன்னது, முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. ஆனால் அந்த உத்தரவு நிலையத்துக் கேமராக்களுக்கானது. ரோட்டில் நிற்பவர் சட்டையில் இருக்கும் கேமராவுக்கும் அது அப்படியே பொருந்தும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

ஏற்கனவே ஒன்பது நாள் போய்விட்டது. நாளைக்கே இரண்டு காகிதம் போக வேண்டும்.

ஒன்று, நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம். தேதி, மணி, ஜங்ஷன், வண்டி எண், சலான் எண், அந்தக் காவலரின் பெயர்ப்பட்டையில் பார்த்தது ஆகியவற்றை எழுதிவிட்டு, "மேற்படி நேரத்தில் பணியில் இருந்தவர்களின் உடல் கேமராப் பதிவு முழுவதையும் அழிக்காமல் பாதுகாக்க வேண்டுகிறேன்" என்று ஒரே வரி. கோபத்தை இதில் கொட்ட வேண்டாம். ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

இன்னொன்று, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஆர்டிஐ மனு. "ஏன் தள்ளினார்?" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: காலை 5.30 முதல் 6.15 வரையிலான பதிவின் நகல், கேமரா யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற பதிவேட்டுப் பக்கம், பதிவு அழிக்கப்பட்டிருந்தால் அழித்த தேதியும் அதற்கான உத்தரவும். இந்த மனுவுக்கு இன்னொரு பலனும் உண்டு. ஆர்டிஐயில் கேட்கப்பட்ட தகவலை அழித்தால், பிரிவு 20இன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அலுவலருக்கே அபராதம் விழலாம்.

மறுப்பு வரலாம். விசாரணை நடக்கிறது என்பார்கள். விசாரணை இருக்கிறது என்பது மட்டும் போதாது, கொடுத்தால் அது எப்படிக் கெடும் என்று காட்ட வேண்டும் என 2007இல் பகத் சிங் என்பவரின் ஆர்டிஐ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மற்றவர்களின் முகம் தெரிகிறது என்றால், பிரிவு 10இன்படி அந்தப் பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கேளுங்கள். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் கைகொடுக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம்.

தள்ளியதற்கும் திட்டியதற்கும் மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் தனியாக மனு போடுங்கள். ஓராண்டுக்குள் போட வேண்டும். பதிவை வரவழைத்துப் பார்க்கும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. வழக்கு நடக்கும் நீதிமன்றமும் அதை வரவழைக்கலாம். என் அனுபவத்தில் ஆர்டிஐயைவிட இந்த வழிதான் சீக்கிரம் கதவைத் திறக்கிறது.

அப்புறம், அந்த ஜங்ஷனில் டீக்கடையோ குருசடியோ (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) இருந்தால் அங்கே கேமரா இருக்கிறதா என்று இன்றே போய்ப் பாருங்கள். கடைக்காரரிடம் பக்குவமாகப் பேசி, வெட்டாமல் முழுக் கோப்பாக ஒரு பென்டிரைவில் வாங்குங்கள். போன் கேமராவால் திரையைப் படமெடுத்தது நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம், 2023) 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழில் கடைக்காரரின் கையெழுத்தும் தேவைப்படும். அந்த வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள்.

அப்பாவை உட்காரவைத்து நடந்ததை அவர் வாயால் சொல்லச் சொல்லி, இன்றைய தேதி போட்டு எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டின் நிறம் உட்பட.