கேளுங்க சொல்றோம்: பழைய சேஃப்டி ரேசருக்கு ஏன் இவ்ளோ மவுசு?

சார், ஆபீஸ் ஃப்ரெண்டு ஒருத்தர் 1960-ல அமெரிக்கால செஞ்ச ஜில்லெட் ரேசரை ஆன்லைன்ல தேடிப்பிடிச்சு வாங்கியிருக்கார். அந்தக் காசுக்கு பளபளன்னு புது ரேசரே ரெண்டு வாங்கலாம். யாரோ முகம் வழிச்ச பழசுல அப்படி என்னதான் இருக்கு, சும்மா நாஸ்டால்ஜியாவா? (மதுரை வாசகர்)

நாஸ்டால்ஜியா இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா அதோட முடியல தம்பி, இதுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு.

கிங் கேம்ப் ஜில்லெட் பாஸ்டன்ல கம்பெனி ஆரம்பிச்சது 1901, விற்பனைக்கு வந்தது 1903. முதல் வருஷம் வித்தது வெறும் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருஷமே 90,000 ரேசருக்கு மேல போயிடுச்சு. எல்லாரும் சொல்ற கதை என்னன்னா "ரேசரை சும்மா மாதிரி கொடுத்துட்டு பிளேடுல சம்பாதிச்சார்"னு. அது பாதிதான் உண்மை. ஆரம்பத்துல ரேசர் விலை 5 டாலர், அந்தக் காலத்துக்கு அது பெரிய காசு, பேட்டன்ட் கையில இருந்த வரைக்கும் அவங்க விலையை இறக்கவே இல்ல. 1921-ல பேட்டன்ட் முடிஞ்சு போட்டிக்காரங்க உள்ள வந்தப்புறம்தான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினாங்க, மலிவான ரேசர் வழியா பிளேடு விக்கிற வழி அங்கேருந்துதான் சூடு பிடிச்சுது.

இதனால வாங்குறவனுக்கு என்ன லாபம்னா, அப்புறம் வந்த நாற்பது அம்பது வருஷத்துக்கு ரேசர்ங்கிறது கம்பெனிக்கு பிளேடு விக்கிற தூண்டில், அது உடைஞ்சா ஆளு வேற கம்பெனிக்கு போயிடுவான், அதனால ரேசர் உடையக்கூடாது, அதே சமயம் விலையும் ஏறக்கூடாது. ரெண்டும் எப்படி நடக்கும்? கோடிக்கணக்குல செஞ்சா நடக்கும். முதல் உலகப்போர் சமயத்துல மட்டும் அமெரிக்க அரசாங்கம் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசரும் 3 கோடியே 20 லட்சம் பிளேடும் ஆர்டர் கொடுத்துச்சுன்னா பாத்துக்கங்க. அவ்வளவு எண்ணிக்கை இருந்தா பித்தளைத் தகட்டை அழுத்தி வளைக்கிற அச்சுக்கு, அதாவது டைக்கு, எவ்வளவு வேணா செலவு பண்ணலாம், ஒரு ரேசருக்கு பங்கு போட்டா ஒண்ணுமே வராது.

உங்க ஃப்ரெண்டோட ரேசர் அடியில இருக்கிற குமிழைத் திருகினா மேல ரெண்டு கதவு விரியுற டைப்பா இருந்தா, அதை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. கதவு, உள்ள ஓடுற கம்பி, மரை எல்லாம் பெரும்பாலும் பித்தளை, மேல நிக்கல் முலாம். மூடினா ரெண்டு பக்கமும் ஒரே அளவுல பிளேடு நீட்டிக்கிட்டு நிக்கும். 1971-ல ட்ராக் டூன்னு ரெட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்தப்புறம் கம்பெனியோட காசும் கவனமும் அந்தப் பக்கம் போயிடுச்சு.

இன்னைக்கு ரேசர் செய்றவங்க பெரும்பாலும் சின்ன ஆளுங்க. அந்த மாதிரி டை செட்டு போட்டா அவங்க விக்கிற எண்ணிக்கைக்கு கட்டுப்படியாகாது. அதனால ரெண்டே வழி. ஒண்ணு, ஜாமக்குனு சொல்ற துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுல ஊத்தி மேல குரோமியம் பூசுறது, இது மலிவு. இல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கட்டியை கம்ப்யூட்டர் மெஷின்ல செதுக்குறது, இது யானை விலை. நடுவுல "நல்ல பித்தளை, நல்ல வேலைப்பாடு, சாதாரண ஆளு வாங்குற விலை"ன்னு ஒரு இடம் இருக்கே, அது கிட்டத்தட்ட காலியாதான் கிடக்கு. அந்த இடத்தை பழைய ரேசருங்கதான் இன்னும் ரொப்பிக்கிட்டு இருக்கு. உங்க ஃப்ரெண்டு காசு கொடுத்தது அதுக்குதான்.

அப்போ புதுசெல்லாம் டப்பாவா? நான் போன தீபாவளிக்கு ஒரு ஜெர்மன் ரேசர் வாங்கிட்டேனே! (திருச்சி வாசகர்)

அய்யய்யோ அப்படி சொல்லல. சோலிங்கன்ல செய்ற மெர்க்கூர், சாக்சனி பக்கம் செய்ற மூலே எல்லாம் நல்ல ரேசருங்கதான், நிம்மதியா வழிங்க. பிரச்சனை ஷேவ்ல இல்ல, ஆயுசுல. ஜாமக்குல குரோமியம் பூச்சு இருக்கிற வரைக்கும் ராஜா. எங்கேயாவது கீறி தண்ணி உள்ள போச்சுன்னா துத்தநாகம் பொரிஞ்சு கொப்பளம் மாதிரி கிளம்பும், மறுபடி முலாம் போட நினைச்சாலும் லேசுல ஆகாது. இன்னொண்ணு, மேல் தகட்டுல இருந்து இறங்குற மரை போட்ட தண்டு. ஓவரா இறுக்கினாலோ டைல்ஸ் தரையில விழுந்தாலோ அது மளுக்குன்னு முறியும். பித்தளை அந்த இடத்துல வளையும், சட்டுனு முறியாது. முலாம் போனாலும் உள்ள இருக்கிறது பித்தளைதானே, துரு பிடிக்காது, முலாம் போடுற கடையில கொடுத்தா திரும்பப் போட்டுத் தருவாங்க.

அதனால கையில இருக்கிறதை தூக்கிப் போட வேணாம். கீழ போடாதீங்க, விரல் நுனியால இறுக்குங்க, குளிச்ச தண்ணியிலயே ஊற விடாதீங்க. அவ்ளோதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல செதுக்கினதுன்னா, அது பழசை விட ஒரு படி மேலன்னே சொல்லுவேன், பர்ஸ் தாங்கினா.

பழைய ஜில்லெட்லயே டெக், சூப்பர் ஸ்பீடு, ஃபேட்பாய், ஸ்லிம்னு ஏகப்பட்ட மாடல் பேரு சொல்றாங்க, தலை சுத்துது. முதல் முறை வாங்குறவன் எதை வாங்கணும்? (கோயமுத்தூர் வாசகர்)

டெக் வாங்குங்க. யோசிக்கவே வேணாம்.

சரி, காரணமும் சொல்றேன். டெக் 1938-ல வந்தது, மூணே பாகம்: மேல் தகடு, கீழ் தகடு, கைப்பிடி. உள்ள ஸ்பிரிங் கிடையாது, கதவு கிடையாது, கெட்டுப்போக ஒண்ணுமே கிடையாது. பிளேடை விளிம்பு வரைக்கும் நல்லா கவ்விப் பிடிக்கும், முகத்துக்கு ரொம்ப சாது. பல வருஷம் செஞ்சதால நிறைய கிடைக்குது, விலையும் சல்லிசு.

1947-ல வந்த சூப்பர் ஸ்பீடு அந்த கதவு திறக்கிற டைப். 1955 வாக்குல அதுலயே கைப்பிடி நுனிக்கு கலர் அடிச்சு, நீலம்னா மெதுவான ஷேவ், சிவப்புன்னா முரட்டு தாடிக்குன்னு பிரிச்சு வித்தாங்க. சிவப்பு நுனியை முதல் ரேசரா எடுத்துடாதீங்க, கழுத்து கதறும்.

ஃபேட்பாய்தான் எல்லாருக்கும் மோகம். 1958-ல இருந்து 1961 வரைக்கும்தான் வந்துச்சு, அப்போ விலை 1 டாலர் 95 சென்ட், அதனால 195-ங்கிற பேரும் உண்டு. கழுத்துல 1-ல இருந்து 9 வரைக்கும் நம்பர் போட்ட வளையம், திருகினா பிளேடுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி கூடும் குறையும். மூணு நாள் தாடிக்கு 6, தினமும் வழிக்கிறவனுக்கு 3-ன்னு வச்சுக்கலாம். நம்பர் மாத்துறதுக்கு முன்னாடி அடிக்குமிழை லேசா தளர்த்திட்டு திருகணும், இறுக்கமா இருக்கும்போது திருகினா உள்ள தேயும். எனக்கு கேட்டா ஃபேட்பாய்க்கு கொடுக்கிற விலை இப்போ கொஞ்சம் ஓவர், அதுக்கப்புறம் 60-கள்ல வந்த ஸ்லிம் அதே வேலையைத்தான் செய்யுது, மெலிசா இருக்கிறதால மூக்குக்குக் கீழ சுலபமாவும் போகுது. ஆனா ஆசைன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு நான் எப்படி பதில் சொல்றது.

ஐயா, என் மாமனாரோட பழைய ஷேவிங் செட் பரண்ல கிடைச்சுது. கைப்பிடி கறுத்துப்போய் உப்பு பூத்து கிடக்கு, "மேட் இன் இங்கிலாந்து"னு போட்டிருக்கு. எந்த வருஷம்னு கண்டுபிடிக்க முடியுமா? எப்படி சுத்தம் பண்றது? இப்போ அவருக்கு 80 வயசு, பிறந்தநாளுக்கு கொடுக்கலாம்னு இருக்கேன். (ஈரோடு வாசகி)

நல்ல யோசனைம்மா. வருஷம் கண்டுபிடிக்கிறது அமெரிக்க ரேசருக்குதான் சுலபம். 50-கள்ல இருந்து அங்க செஞ்சதுல ஒரு எழுத்தும் ஒரு நம்பரும் குத்தியிருக்கும், எழுத்து வருஷம், நம்பர் அந்த வருஷத்தோட எந்தக் காலாண்டு. ‘இ’ன்னா 1959, ‘எஃப்’னா 1960, இப்படி. உங்களோடது இங்கிலாந்து, லண்டன் பக்கம் ஐல்வொர்த்ல 1937-ல ஜில்லெட் ஃபேக்டரி திறந்தாங்க, அங்கேருந்து வந்ததா இருக்கலாம். அந்த ஊர் டெக்குகள்ல பெரும்பாலும் தேதிக்குறி கிடையாது, அதனால தோராயமாதான் சொல்ல முடியும். மாமனார் கிட்டயே கேளுங்க, எப்ப வாங்கினார்னு.

சுத்தம் பண்ண: வெதுவெதுப்பான தண்ணி, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய மெத்து டூத்பிரஷ். பாதி அழுக்கு வெறும் காஞ்சுபோன சோப்பு நுரைதான், தன்னால கழண்டுடும். நம்ம ஊர் போர் தண்ணி உப்புக்கு மட்டும் வினிகரை பாதிக்குப் பாதி தண்ணி கலந்து சில நிமிஷம் வச்சுட்டு உடனே கழுவிடுங்க. ராத்திரி முழுக்க ஊற வச்சீங்கன்னா நிக்கல் முலாம் மங்கிடும். அம்மோனியா கலந்த கிளீனர், புளி, பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் எதுவும் பக்கத்துலயே வரக்கூடாது. தங்க முலாம்னா இன்னும் ஜாக்கிரதை, மேல லாக்கர்னு வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், கொதிக்கிற தண்ணி அதை உரிச்சு எடுத்துடும். கடைசியா ஸ்பிரிட்ல துடைச்சு காய விடுங்க.

அப்புறம் காலி ரேசர்ல புது பிளேடு போட்டு நேரா பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு தெரியணும், ஒரு பக்கம் அதிகமா நீட்டிக்கிட்டு இருந்தா எப்பவோ கீழ விழுந்து மூலை வளைஞ்சிருக்குன்னு அர்த்தம். சொல்லப்போனா 1930-ல கம்பெனிக்காரங்க பிளேடோட நாலு மூலையையும் வெட்டி விட்டதே இதுக்குதான், ரேசர் விழுந்து மூலை மடங்கினாலும் பிளேடு கோணாம உக்காரணும்னு. கைப்பிடிக் குழாய்ல நீளவாக்குல விரிசல் இருக்கான்னும் பாத்துடுங்க. எல்லாம் சரின்னா தாராளமா கொடுங்க. அவரு கை நடுங்குமா இல்லையான்னு உங்களுக்குதான் தெரியும், நடுங்கினா வழிக்க இல்ல, வச்சுப் பாக்க.

வேற யாரோ யூஸ் பண்ண ரேசர், நோய் வராதா? (சேலம் வாசகர்)

ரத்தம் படுறது பிளேடுல, அதை நீங்க புதுசா போடப் போறீங்க. இருந்தாலும் முன்ன சொன்ன மாதிரி சோப்பு போட்டு இடுக்கெல்லாம் தேய்ச்சுட்டு, சலூன்ல கத்தரிக்கோல் ஊற வைக்கிற கிருமிநாசினி இருக்கே, அதுல பாட்டில்ல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் வச்சு எடுங்க. வீட்டுக்குள்ள ஒரே ரேசரை அப்பாவும் பையனும் பிளேடு மாத்தாம வழிக்கிறதுதான் நிஜமான ஆபத்து, ஹெபடைடிஸ் பி அப்படியும் பரவும். அதை யாரும் கேக்க மாட்டேங்குறீங்க.

ஃப்ளைட்ல கொண்டு போலாமா? (சென்னை வாசகர்)

பிளேடை செக்-இன் பெட்டியில போடுங்க. கையில வச்சிருந்தா பிடுங்கிடுவாங்க, பிளேடோட சேத்து தாத்தா ரேசரும் போச்சுன்னா அழுவீங்க.

பழைய ரேசரோட அந்தக் காலத்து பிளேடு பாக்கெட்டும் பிரிக்காம வந்துச்சு. அதைப் போட்டாதான் அசல் அனுபவம்னு ஒருத்தர் சொல்றார். (நாகர்கோவில் வாசகர்)

அவரை முதல்ல போட்டு வழிக்கச் சொல்லுங்க, அப்புறம் நீங்க போடுங்க.

60-கள் ஆரம்பத்துல இங்கிலாந்து கம்பெனி வில்கின்சன் ஸ்வோர்டோட ஸ்டெயின்லெஸ் பிளேடு வந்து மார்க்கெட்டையே கலக்கினதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட எல்லாமே கார்பன் ஸ்டீல் பிளேடு, ஈரம் பட்டா துரு, ரெண்டு மூணு ஷேவுக்கு மேல தாங்காது. இத்தனை வருஷம் காகிதத்துல சுத்திக் கிடந்ததுக்கு விளிம்பு எப்படி இருக்குமோ. பாக்கெட்டை பிரிக்காம அலமாரியில வைங்க, சேகரிக்கிறவங்க தேடுவாங்க. ரேசர் பழசா இருக்கலாம், பிளேடு புதுசாத்தான் இருக்கணும். நல்ல வேளையா பிளேடோட அளவு மாறவே இல்ல, பெட்டிக்கடையில வாங்குற செவன் ஓ கிளாக்கோ டோபாஸோ 1904 ரேசர்லயும் அப்படியே உக்காரும். ஒரு பிராண்டு ஒத்துக்கலைன்னா ரேசரை திட்டாதீங்க, வேற பிளேடு போட்டுப் பாருங்க.

தேய்ஞ்ச பிளேடை குப்பையில அப்படியே போட்டுடாதீங்க, குப்பை பொறுக்குறவங்க கையை கிழிக்கும். அமெரிக்கால பழைய வீடுங்கள்ல பாத்ரூம் அலமாரிக்குள்ள கீறல் மாதிரி ஒரு சின்ன ஓட்டை வச்சிருப்பாங்க, பிளேடை அதுல தள்ளினா சுவருக்குள்ளயே விழுந்துடும், வீட்டை இடிக்கிறப்போ உள்ளேருந்து குவியலா கொட்டும். நமக்கு அதெல்லாம் வேணாம், மூடியில ஒரு கோடு கிழிச்ச பழைய பவுடர் டப்பா போதும், நிறைஞ்சதும் டேப் ஒட்டி பழைய இரும்புக் கடைக்காரர்கிட்ட உள்ள என்ன இருக்குன்னு சொல்லிட்டு கொடுங்க.